குளிச்ச தண்ணி எங்க போகும்?

நாங்கள் மாதத்தில் இரண்டு தடவை கூடுகிற வீடு நல்லூருக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் வீடு. முன்பக்கத்தில் அவர் இருக்கிறார். பின்பக்கத்து இரண்டு அறையும் ஒரு பாத்றூமும் எங்களுக்கு. அந்தப் பாத்றூமில் ஒரு குளியல் தொட்டி கிடக்கிறது. வெள்ளை நிறம், ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். 2002 இல் சமாதானம் வந்து ஏ9 பாதை திறந்ததற்கு அடுத்த வருசம், கனடாவில் இருந்து வந்த ரீச்சரின் தம்பியார் பூட்டிவிட்டுப் போனது. அவர் அதில் மூன்று கிழமை குளித்திருப்பார். அதற்குப் பிறகு அது உடுப்பு ஊறவைக்கிற தொட்டியாக, தண்ணி நிக்கிற காலங்களில் வாளிக்குப் பதிலாக, ஒருமுறை எங்கள் பழைய சஞ்சிகைகளை அடுக்கிவைக்கிற அலுமாரியாகவும் இருந்திருக்கிறது.

போன மாசியில் அதன்ர கழிவு பைப்பை மாற்றினோம். பழைய பைப்புக்குள் தென்னை வேர் புகுந்துவிட்டது. மாற்றின அன்று பின்னேரமே தொட்டியை நிரப்பி அடைப்பைத் திறந்தால் தண்ணி போகேல்லை. போகேல்லை எண்டு சொல்லவும் ஏலாது. குளுக், குளுக் எண்டு ஒரு சத்தம், பிறகு நீண்ட யோசனை, பிறகு இன்னொரு குளுக். பத்து லீற்றர் வாளியால் பதினைந்து வாளி ஊற்றி, கைபேசியில் நேரம் பிடித்தோம். 150 லீற்றர் இறங்க 25 நிமிடம். வேர் புகுந்த பழைய பைப்பிலேயே பத்து நிமிடத்தில் போன தண்ணி இது.

புதுப் பைப், புது மூட்டு, இரண்டு அங்குல அகலம், உள்ளுக்கு ஒரு முடிகூட இல்லை. பிறகு ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நாங்கள் யாழ்ப்பாணத்தின் வரலாற்றுக்குள் விழுந்தோம். கோட்டை, கோயில், நூலகம் எண்டு நாங்கள் எழுதாத வரலாறு இல்லை. குளிச்ச தண்ணி எங்க போனது எண்டு ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் பைப்பின்ர கதையைச் சொல்லி முடிக்கிறோம். பைப் வேலை செய்த அண்ணை திரும்பி வந்தார். சரிவு பிழையோ எண்டு பார்க்க, தண்ணி நிரப்பின கண்ணாடி ரியூப்பைப் பிடித்து மட்டம் பார்த்தார். நாற்பது அடிக்கு ஒரு அடி சரிவு வேணும், அது இருந்தது. பசை கட்டியாகி உள்ளுக்கு நிக்குதோ எண்டு கம்பி விட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை. கடைசியில் வெளிச்சுவரோடு இருந்த மூட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். உஸ் எண்டு காற்று வெளியேறிய சத்தம். தொட்டித் தண்ணி சுழன்றுகொண்டு ஒரேயடியாக இறங்கினது.

விசயம் இதுதான். தொட்டிக்குக் கீழே ஒரு வளைவுக் குழாய் இருக்கும். அந்த வளைவில் எப்பவும் கொஞ்சத் தண்ணி நிக்கும், கழிவுக்குழியின் நாற்றம் வீட்டுக்குள் வராமல் அந்தத் தண்ணிதான் காவல் நிக்கிறது. 1775 இல் அலெக்சாண்டர் கம்மிங் எண்ட ஸ்கொட்லாந்துக் கடிகாரத் தொழிலாளி லண்டனில் காப்புரிமை பெற்ற யோசனை அது. எங்கள் அண்ணை அந்த வளைவோடு நிற்காமல், வெளியில் இன்னொரு வளைவையும் வைத்துவிட்டார். ‘இரட்டைக் காவலாய் இருக்கட்டும்’ எண்டு. இரண்டு தண்ணிப் பூட்டுக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொண்டது. காற்று விலக இடம் இல்லாவிட்டால் தண்ணி இறங்க இடம் இல்லை. ஒரு ‘ரி’ மூட்டுப் போட்டு, சுவரோடு காற்றுக்குழாய் ஏற்றி, வாயில் நுளம்பு வலை கட்டினார். 150 லீற்றர் ஐந்து நிமிடத்தில் போனது. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி எல்லாம் நல்லாய்ப் போனது.

கார்த்திகையில் மழை தொடங்கினது. தொட்டி திரும்ப நின்றுவிட்டது. இந்தமுறை 40 நிமிடம். குளுக் சத்தமும் இல்லை. பேசாமல் நின்றது.

இதற்குப் பைப்பில் விடை இல்லை. பழைய பைப்புக்கும் புதுப் பைப்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறதை அப்பதான் யோசித்தோம். பழைய பைப் வீட்டுக்குப் பின்னால் வாழையடியில் வெறுமனே திறந்து முடிந்தது. அதற்கு முந்தின டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, வாழையடியில் தண்ணி தேங்கி நிக்குது, நுளம்பு பெருகும் எண்டு எச்சரித்துவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. அதனால் புதுப் பைப்பை நிலத்துக்குக் கீழால் கொண்டுபோய், மலசலகூடத்துத் தண்ணி போகிற உறிஞ்சு குழிக்குள்ளேயே விட்டோம். ஊரில் எல்லாரும் செய்வதுதான். குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது தண்ணி பைப்பின் வாய் வரைக்கும் நின்றது. போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தோம். ஆவணியில் கயிறு முழுக்க விட்டு அள்ளின கிணறு, இப்ப குனிந்து கையால் அள்ளலாம் போல கிடந்தது. இரண்டும் ஒரே மட்டம்.

“அது நிரம்பாமல் என்ன செய்யும்? கிணறும் குழியும் ஒரே தண்ணிதானே பிள்ளையள்” எண்டு ரீச்சர் திண்ணையில் இருந்து சொன்னா. அவ புவியியல் படிப்பித்தவ.

குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மயோசீன் காலத்துக் கடலடிப் படிவு. மழைத்தண்ணியில் கரைந்து கரைந்து, துளையும் வெடிப்பும் குகையுமாகப் போன கல். இங்கே ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. வலிகாமத்தில் தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலேரிக்குப் போகிற வழுக்கியாறுகூட மாரியில் மட்டும்தான் ஆறு, கோடையில் அது வயல்வெளி. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற உப்புத்தண்ணிக்கு மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் எண்டது நீரியலாளர்களின் கணக்கு. சுன்னாகம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை எண்டு இப்படி நான்கு பெரிய நீர்ப்படுகைகள். நாங்கள் குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கு இறைப்பது எல்லாம் இதற்குள் இருந்துதான். குளிச்ச தண்ணியும் கழுவின தண்ணியும் போய்ச் சேருவதும் இதற்குள்தான். வேறு இடம் இல்லை.

புத்தூருக்குக் கிட்ட நிலாவரைக் கிணறும், கடற்கரையில் கீரிமலைக் கேணியும் இந்தக் கல்லின் வாய்கள். கீரிமலையை யாழ்ப்பாணத்தின் ஆகப் பெரிய குளியல் தொட்டி எண்டே சொல்லலாம். அலை அடிக்கிற இடத்தில் இருந்து சில அடி தள்ளி, ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம் நிலத்தடி நீர் ஊற்றாக வருகிறது. மற்றப் பக்கத்தால் கடலுக்குப் போகிறது. ஆடி அமாவாசைக்குத் தகப்பன் இல்லாதவர்கள் எல்லாம் வந்து முழுகினாலும் கேணி தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது. வாறதும் போறதும் நிற்காத வரைக்கும் அது தொட்டி இல்லை, ஓட்டம். எங்கள் பாத்றூம் கீரிமலையாக இல்லாததுதான் பிரச்சினை.

அப்ப முந்தி என்ன செய்தார்கள்?

முந்தி எண்டால் துலாக் காலம். ஒருத்தர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார், ஒருத்தர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார், ஒருத்தர் பாத்தியில் நின்று தண்ணியைத் திருப்புவார். 1859 இல் வெளிவந்த ‘சிலோன்’ எண்ட தன் நூலில் எமர்சன் டெனன்ட் யாழ்ப்பாணத்துக் கிணறுகளையும் இந்த இறைப்பையும் வியந்து எழுதியிருக்கிறார். வீட்டுக் கிணற்றடியில் குளிப்புக்கெனத் தனி ஏற்பாடு இல்லை. துவைக்கிற கல், அதைச் சுற்றி ஒரு சீமெந்துத் தரை, தரையின் ஒரு மூலையில் இருந்து ஒரு வாய்க்கால். வாய்க்கால் வாழைக்குப் போகும், வாழையில் இருந்து கமுகுக்கு, மிஞ்சினால் வேலியோரத் தென்னைக்கு. குளிக்க வருகிறவரிடம் “வாழைக்குத் திருப்பிவிட்டிட்டுக் குளி” எண்டு சொல்வது எங்கள் அம்மம்மாமார் வரைக்கும் இருந்த பழக்கம். அரப்பும் சீயாக்காயும் தேய்த்த தண்ணி மரத்துக்குக் கெடுதல் இல்லை. மண்ணின் மேல் ஓடுகிற தண்ணியை வேர் குடிக்கும், வெயில் குடிக்கும், மிஞ்சினது மெல்ல வடிந்துதான் கல்லுக்குள் போகும்.

எங்களை ஆச்சரியப்படுத்தினது உறுதிதான். ரீச்சரிடம் பழைய காணி உறுதி ஒன்று இருக்கிறது. நான்கு பரப்புக் காணி, அவவின் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் சீதனமாகப் பிரிந்தபோது எழுதினது. அதில் நிலத்தின் அளவுக்குப் பிறகு, எல்லைகளுக்குப் பிறகு, கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும் எண்டு ஒரு வரி வருகிறது. யாழ்ப்பாணத்து உறுதிகளில் இது வழக்கமான வரி. நாங்கள் எல்லாரும் எங்கள் வீட்டு உறுதிகளில் இதைப் பார்த்திருக்கிறோம். சும்மா சட்டத்தமிழ் எண்டு கடந்து போயிருக்கிறோம். 1707 இல் ஒல்லாந்தர் கிளாஸ் ஐசாக்ஸைக் கொண்டு தொகுப்பித்த தேசவழமை காலத்தில் இருந்தே சீதனம் காணியைப் பிரிக்கிறது. காணி பிரிந்தாலும் கிணறு பிரியாது, அதில் பங்கு இருக்கும். கிணறு பிரியாவிட்டால் வாய்க்காலும் பிரியாது. தண்ணி வாற உரிமையோடு தண்ணி போற உரிமையையும் நொத்தாரிசு எழுதிவைத்திருக்கிறார். இப்ப வீடு கட்டுகிற நாங்கள் வாற பைப்புக்கு மட்டும் வரைபடம் கீறுகிறோம்.

இதைப் படித்துவிட்டு ‘ஆகா, முன்னோர்’ எண்டு யாரும் உருகத் தேவையில்லை. அந்தக் கிணற்றடியில் எல்லாரும் நின்றதில்லை. துலா மிதித்தவர் யார், பட்டை பிடித்தவர் யார், கிணற்றில் வாளி விடக்கூடாது எண்டு தள்ளி நிறுத்தப்பட்டு, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்து நின்றவர்கள் யார் எண்டது இந்த ஊருக்குத் தெரியும். கே. டானியல் ஒரு நாவலுக்குத் ‘தண்ணீர்’ எண்டு பெயர் வைத்தது சும்மா இல்லை. நகரத்திலோ இன்னொரு கொடுமை. பட்டினத்து வீடுகளின் வாளிக் கக்கூசுகளைத் தலைச்சுமையாக அகற்றியவர்களைக் கொண்டுதான் யாழ் நகரம் தன்னைச் சுத்தமாக வைத்திருந்தது. மூடின குழி வந்தபோது அந்தச் சுமை இறங்கினது. அதற்காகக் குழியை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

குளிப்பு வீட்டுக்குள் போனதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வசதியும் வெளிநாட்டுக் காசும் ஒரு பக்கம். 1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெய் மிசின்கள் வந்து துலாவை இறக்கின. மிசின் வந்தால் தாங்கி வரும், தாங்கி வந்தால் குழாய் வரும், குழாய் வந்தால் அறை வரும். ஆனால் எங்கள் அம்மாமார் வேறொரு காரணம் சொல்கிறார்கள். சந்திக்குச் சந்தி காவலரண், மதகில் காவலரண், பக்கத்து வீட்டு மேல்மாடியில் காவலரண். வேலிக்குள், குறுக்குக்கட்டோடு, வெட்டவெளிக் கிணற்றடியில் ஒரு பெண் எப்படிக் குளிப்பாள்? கிடுகுத் தட்டி கட்டினார்கள், பிறகு தகரம், பிறகு வசதிப்பட்டவர்கள் சுவர். பாத்றூம் இங்கே ஆடம்பரமாக வரவில்லை. பயமும் மானமும் அதைக் கட்டின.

அந்த வருசங்களிலேயே எல்லாம் தலைகீழாகவும் நடந்தது. 1990 இல் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், சீமெந்து, சவர்க்காரம், பசளை எல்லாம் தடைப் பட்டியலில். தாங்கி காய்ந்தது, குழாய் துருப்பிடித்தது, சனம் திரும்பக் கப்பிக்கும் வாளிக்கும் வந்தது. சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். அந்தத் தண்ணி போன இடத்தில் பயிர் பட்டதில்லை எண்டு ரீச்சர் சொன்னா. 1995 ஐப்பசி 30 இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, ஒரு கிணற்றடியில் நூறு பேர், இருநூறு பேர் குளித்த கதை எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. வாய்க்கால் கரைபுரண்டு வளவெல்லாம் சேறு.

பாதை திறந்த பிறகு சீமெந்தும் பி.வி.சி. பைப்பும் மாபிளும் லொறி லொறியாக வந்தன. தம்பியாரின் தொட்டியும் அதில் ஒன்று. 2009 க்குப் பிறகு அது இன்னும் பெருகினது. ஒரு வீட்டுக்கு ஒரு பாத்றூம் எண்டது அறைக்கு ஒரு பாத்றூம் ஆனது. வாழையடி காரை போட்ட முற்றமானது. வாய்க்காலுக்கு மேல் மதில் எழும்பினது. தண்ணி முழுக்க குழிக்குள் போனது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி இருக்கவேணும் எண்டு பரிசோதகர்கள் சொல்வார்கள். ஒரு பரப்பு எண்டால் 10 பேர்ச். ரீச்சருக்குக் கிடைத்த இரண்டு பரப்பும் 5,445 சதுர அடி. சரியான சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 74 அடி. இதற்குள் நடுவில் வீடு, ஒரு மூலையில் கிணறு, மறுமூலையில் குழி. உங்கள் கிணற்றுக்கு 50 அடி விட்டால் குழி மற்ற வீட்டாரின் கிணற்றடிக்குப் போய்விடும். நாங்கள் நாடா பிடித்து அளந்தோம். எங்கள் குழியில் இருந்து எங்கள் கிணறு 31 அடி, வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணறு 27 அடி. இதில் யாரும் சட்டத்தை மீற நினைத்ததில்லை. சீதனம் மூன்று தலைமுறை பிரிந்தால் கணக்கு இப்படித்தான் முடியும்.

அதுவும் 50 அடி எண்டது மண்ணுக்குச் சொன்ன கணக்கு. மணலும் களியும் தண்ணியை வடிகட்டும். வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல் வடிகட்டாது, பைப் மாதிரிக் கொண்டுபோகும். 1854 இல் லண்டன் புரோட் வீதியில் வாந்திபேதி பரவியபோது, ஒரு அடிபம்பில் இருந்துதான் நோய் வருகிறது எண்டு ஜோன் ஸ்நோ காட்டினார். பிறகு தோண்டிப் பார்த்தபோது அந்தக் கிணற்றில் இருந்து மூன்று அடிக்கும் குறைவான தூரத்தில் ஒரு வீட்டின் கழிவுக்குழி பொசிந்துகொண்டிருந்தது. லண்டன் அதற்குப் பிறகு நகரத்துக்கு அடியால் பெரிய சாக்கடைகளைக் கட்டினது. யாழ் நகரம் 1949 இல் மாநகர சபை ஆனது. இன்றுவரை வீட்டுக் கழிவுநீரைக் கொண்டுபோக நிலத்தடிக் குழாய் வலை இல்லை.

எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று கூடுகிறது எண்டு 1980களிலேயே ஆய்வுகள் வரத் தொடங்கின. லீற்றருக்கு 50 மில்லிகிராம் எண்டது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்தில் தோட்டத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருந்தன. போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணியில் மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசன் காவ மாட்டாமல் குழந்தை நீலம் பாரிக்கும். குற்றவாளி பெரும்பாலும் தோட்டத்துப் பசளையும் மலக்குழியும்தான். குளிச்ச தண்ணி தனியாக அவ்வளவு பாவம் செய்வதில்லை. ஆனால் அதை மலக்குழிக்குள் விட்டால், ஒரு நாளைக்கு நான்கு பேரின் குளிப்பு, குழிக்குள் இருக்கிறதை வெளியே தள்ளிக்கொண்டு போகிற வேலையைச் செய்கிறது. மாரியில் குழி நிரம்பினபோது எங்கள் தொட்டி மெதுவாக இறங்கினது எண்டால், அந்த 40 நிமிடமும் தண்ணி எங்கேயோ போய்க்கொண்டுதானே இருந்தது? எங்க போனது எண்டு யோசித்த அன்று ஒருத்தரும் கிணற்றில் அள்ளிக் குடிக்கேல்லை. ரீச்சர் கொதிக்கவைத்துக் குடித்தா. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. இதை அவவுக்குச் சொல்ல எங்களுக்கு இரண்டு நாள் எடுத்தது.

நிலத்துக்குக் கீழே எல்லாம் ஒன்று எண்டதைச் சுன்னாகம் ஏற்கனவே ஒருமுறை காட்டினது. மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது சனம் வாளியோடு வீதிக்கு வந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. எண்ணெய் மிதந்தபடியால் கண்ணுக்குத் தெரிந்தது. நாங்கள் விடுகிறது தெரியாது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. குடாநாட்டைப் பற்றி யோசித்த நீர்ப்பாசன எந்திரிகள் எல்லாருக்கும் இருந்த கவலை எங்கள் கவலைக்கு நேர் எதிர். தண்ணி போகேல்லை எண்டு நாங்கள் அழுகிறோம். தண்ணி போகுதே எண்டு அவர்கள் அழுதார்கள். மாரியில் பெய்கிறது கடலேரி வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறது. அதை மறிக்கத்தான் 1950களின் தொடக்கத்தில் தொண்டைமானாற்றில் தடுப்பணை வந்தது. எந்திரி ச. ஆறுமுகம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ எண்டு முன்வைத்த திட்டமும் அதுதான். ஆனையிறவுக் கடலேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக் கடலேரிக்குக் கொண்டுபோய், கிணறுகளுக்கு உப்பு ஏறாமல் காப்பது. பாதி நடந்தது, பாதி கிடந்தது, கதவுகள் உக்கின. குடாநாடு எண்ட பெரிய தொட்டிக்கு அடைப்பு இல்லை, வீடு எண்ட சின்னத் தொட்டிக்கு வடிகால் இல்லை.

நகரத்துக்குள் இரண்டையும் சமாளித்தவை குளங்கள். ஆரியகுளம், புல்லுக்குளம், வண்ணான்குளம், தேவரிக்குளம், நல்லூரில் ‘ப’ வடிவத்து யமுனா ஏரி. மழைத்தண்ணி வெள்ளவாய்க்கால்களால் குளத்துக்கு வரும், குளத்தில் இருந்து கொஞ்சம் நிலத்துக்கு இறங்கும், மிச்சம் கடலேரிக்குப் போகும். குளங்கள் சுருங்கி, வாய்க்கால்களுக்கு மேல் கடைகள் வந்தபிறகு, 2008 இல் நிஷா, 2020 இல் புரேவி, 2024 கார்த்திகை எண்டு ஒவ்வொரு புயலுக்கும் நகரம் முழங்கால் தண்ணியில் நிற்கிறது. அப்ப கிணறு எது, குழி எது, வீதி எது எண்டு பிரிக்க ஏலாது. ஊர் முழுக்க எங்கள் பாத்றூம் மாதிரித்தான்.

2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு ஒப்புதலான யாழ்ப்பாணம்-கிளிநொச்சித் திட்டத்தின் பெயரில் ‘நீர் வழங்கலும் சுகாதாரமும்’ எண்டு இரண்டும் இருந்தன. இரணைமடுத் தண்ணியா இல்லையா எண்ட சண்டையில் வருசங்கள் போயின. அந்தச் சண்டையில் கிளிநொச்சி விவசாயிகளின் பக்கம் நியாயம் இருந்தது எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். கடைசியில் 2024 ஆவணியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். நல்லது, குடிக்கிறதுக்கு வேணும். ஆனால் குழாயில் வாற தண்ணி குடித்து முடிவதில்லை. பெரும்பகுதி அரைமணித்தியாலத்தில் வடிகாலுக்கு வந்துவிடும். அந்த வடிகால் இன்னும் அதே குழிதான், அதே கல்தான்.

எங்கள் தொட்டிக்கு வருவோம். தை பிறந்து நிலம் கொஞ்சம் இறங்கினதும் பைப்பைக் குழியில் இருந்து வெட்டினோம். திரும்ப வாழையடிக்கு விடுவது எண்டு முடிவு. ஆனால் தேங்கக் கூடாது, தேங்கினால் நுளம்பு. ஆகவே ஒரு இடத்தில் ஊற்றாமல், ஓடுகிற மாதிரி வாய்க்கால் வேணும். முதலில் முடியும் சவர்க்கார அழுக்கும் தங்கிப் போக, சல்லியும் மணலும் நிரப்பின ஒரு சின்னத் தொட்டி. பிறகு வேலியோரமாகச் சரிவு. ஒரு முழம் வெட்டியிருக்க மாட்டோம், மண்வெட்டி ணங் எண்டு எதிலோ பட்டது. மண்ணை ஒதுக்கினால் சுண்ணாம்புச் சாந்து பூசின பழைய வாய்க்கால், கை அகலம். கிணற்றடியில் இருந்து நேரே வாழையடி வந்து, வேலியோரம் திரும்பி, பக்கத்து வளவை நோக்கிப் போகிறது. ரீச்சர் வந்து குனிந்து பார்த்துக்கொண்டு நின்றா. “இது அம்மாவும் சின்னம்மாவும் ஒண்டாய் இருக்கேக்க கட்டினது. சின்னம்மாவின்ர நாலு தென்னைக்கும் இதாலதான் தண்ணி போனது” எண்டா.

வாய்க்கால் பக்கத்து வீட்டு மதிலில் போய் முட்டி நிற்கிறது. மதில் 2012 இல் கட்டினது. எங்கள் பக்கத்தில் நான்கு வாழையும் ஒரு கறிவேப்பிலையும் குடிக்கிறது போக, மாரியில் மிஞ்சுகிறதை விட மதிலுக்கு அப்பால்தான் இடம் இருக்கிறது. அந்த நாலு தென்னையும் இன்னும் நிற்கின்றன, காய் சிறுத்து.

போன ஞாயிறு நாங்கள் மூன்று பேர் போய்க் கதவு தட்டினோம். பக்கத்து வீட்டு அண்ணை தேத்தண்ணி தந்தார். கிணறு 27 அடி எண்ட கதையைச் சொன்னதும் அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். மதிலில் அடியோடு ஒரு துவாரம் விடலாமோ எண்டு கேட்டோம். மல தண்ணி இல்லை, குளிச்ச தண்ணிதான் எண்டு இரண்டு தரம் சொன்னோம். அவர் கன நேரம் தென்னையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, காணி லண்டனில் இருக்கிற தங்கச்சியின்ர பேரில இருக்கு, கேட்டுச் சொல்லுறன் எண்டார். உறுதியில வழிவாய்க்கால் எண்டு போட்டிருக்கு அண்ணை எண்டோம்.

“ஓம், எங்கட உறுதியிலயும் இருக்கும்” எண்டுவிட்டு, அலுமாரியைத் திறக்க உள்ளே போனார்.